அரை வயிற்றுக்கு

அறுபதுகளில் ஒரு நாள், திருப்பூரிலிருந்து பொங்கலூர் போகும் சாயங்கால பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவளுக்கு நிறைமாசம். மடியில் சோறு கொண்டுபோகும் ஒரு தூக்குப்போசி. பனியன் கம்பெனியில் மடிக்கிற வேலை என்று, அன்றுதான் பார்த்த பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இருக்கறதுலயே சின்ன சைசு பனியன்ல அடங்கற மாதிரி பொறந்தாப் போதுமுங்க."

அதைக் கேட்டுத்தான் நான் காதைக் கொடுத்தேன்.

"ஏனுங்க அப்படிச் சொல்றீங்க?" என்றாள் மற்றவள். அவளுக்கும் அதே வயதுதான் இருக்கும்.

"கொழந்தை பெருத்துட்டா பெத்தெடுக்கறது கஷ்டமுன்னு மாமியா சொன்னாங்க. ஒரு மாசமா அரை வயித்துக்குத்தானுங்க. மத்தியானச் சோறுகூட அப்படியே இருக்குது."

"நர்சம்மா ஒண்ணும் சொல்லலீங்களா?"

"நல்லாச் சாப்பிடுன்னுதான் சொல்றாங்க. நோவு எனக்குத்தானுங்களே?"

மற்றவள் திரும்பி அவள் மடியிலிருந்த தூக்குப்போசியைப் பார்த்தாள்.

"நானும் அப்படித்தானுங்க இருந்தேன். மருத்துவச்சி வர்றதுக்குள்ள பொறந்துட்டா. நோவே அவ்வளவாத் தெரியலீங்க."

"பாத்தீங்களா! பாப்பா இப்ப நடக்கறாளுங்களா?"

"ஒம்பது நாள் இருந்தாளுங்க."

பல்லடத்தில் பஸ் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். பஸ் மறுபடி கிளம்பியபோது தூக்குப்போசி மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"கம்மஞ்சோறுங்க. உங்களுக்கும் கொஞ்சம் தரட்டுங்களா?"

"வேண்டாமுங்க. அது உங்க ரெண்டு பேருக்கே பத்தாது."