ஆனைக்காசுக்கு ஒரு பெட்டி

— அந்த நம்பர இன்னொருக்காத் தட்டு. ஒவ்வொண்டா, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் தட்டு, றிப்ஷான்.

— மூணு தரம் தட்டியாச்சி, அண்ணன். இந்த வெயிலுக்குள்ள மண்டூரிலருந்து காத்தான்குடி மட்டும் வந்திரிக்கிங்க. முதல்ல இந்தக் கதிரையில இரிங்க. ஃபேனப் போடுறன்.

— நான் இருக்க வரல்ல. என்ன காட்டுது, சொல்லு.

— ஆயிரத்து எண்ணூத்தி இருபத்தொண்டு. இலங்கை. வெள்ளி றிக்ஸ் டாலர், ஆனை போட்டது. எல்லாம் சரியாத்தானே இரிக்கி? அமெரிக்கக் கம்பனிட சைட்டுலயே இரிக்கி.

— கீழ படம் இருக்கு. அதப் பெருசாக்கு. ஆனையிட முன்னங்காலடியில என்ன கிடக்கு?

— ஒரு கீறல்.

— இப்ப நான் கொண்டந்த பெட்டியப் பாரு. அமெரிக்கக் கம்பனி காசச் சோதிச்சி, தரம் போட்டு, மூடி ஒட்டி அனுப்பின பெட்டி எண்டு சொல்லித்தானே எனக்கு வித்த? அதே நம்பர், அதே லேபல். உள்ளுக்க இருக்கிற ஆனையிட காலடியில கீறல் இருக்கா?

— வெளிச்சத்துக்குத் தெரியாம இரிக்கும்.

— தம்பி, முப்பத்தஞ்சி வருஷம் தபால் கந்தோரில முத்திரையும் கையெழுத்தும் பார்த்துப் பென்சன் எடுத்த மனிசன் நான். எனக்கு வெளிச்சம் சொல்லித் தாறியா?

— சரி, கேளுங்க. சல்லியத் திருப்பித் தாறன். முழுசாத் தாறன். இந்தக் கதைய இத்தோட விட்டிருவம்.

— சல்லிய ஆரு கேட்ட? நேத்து எனக்கு என்ன நடந்த எண்டு தெரியுமா உனக்கு?

— கண்காட்சியிலதானே? அங்க நிண்ட றம்ஸீன் போன்ல கோல் எடுத்த. முழுசாச் செல்லல்ல.

— நான் சொல்றன். மண்டபத்துல நடுமேசைய எனக்குத்தான் தந்திருந்த. கண்ணாடிக்குக் கீழ அம்பத்தாறு நாணயம். நடுவுல இது, இந்தப் பெட்டியோட. பள்ளிப் புள்ளையள் வரிசையில நிண்டு பார்க்குதுகள். அப்ப சித்தாண்டிப் பொடியன் ஒருத்தன், டிலக்சன் எண்டு, போனத் தூக்கி லேபலுக்கு நேர பிடிச்சான். பிடிச்சிட்டு, "ஐயா, இது வேற காசு" எண்டான்.

— எல்லாருக்கும் முன்னாலயா?

— வாசல்ல நிண்டவனுக்கும் கேட்ட. நாணயச் சங்கத் தலைவர் வந்து பார்த்தார். மெதுவாத்தான் சொன்ன, "இளையதம்பி அண்ணன், இத மட்டும் எடுத்து வெச்சிருவமா" எண்டு. ஒண்ட எடுத்தா மத்த அம்பத்தஞ்சயும் ஆரு நம்புவான்? முழுசையும் துணியில சுருட்டிக்கிட்டு வந்துட்டன்.

— அல்லாஹ்வே.

— குருமண்வெளியில ஆத்தக் கடக்கப் பாதைப் படகுல ஏறி, நடு ஆத்துக்க வரக்குள்ள, பெட்டியோட எறிஞ்சிருவம் எண்டு கையத் தூக்கின நான். பக்கத்துல நிண்ட மோட்டச் சைக்கிள்காரன், "என்னய்யா, முருகனுக்கு நேர்த்தியா?" எண்டு கேட்டான். தூக்கின கை இறங்கிட்டு.

— நல்ல காலம், எறியல்ல.

— ஏன் நல்ல காலம்?

— ஒண்டுமில்ல. சும்மா செல்லிட்டன்.

— உனக்கு இத வித்தவன் ஆரு?

— கொழும்புல ஒருத்தர்.

— பேர்?

— பேர் இரிக்கி, எழுதி வெச்சிரிக்கன். தேடணும்.

— தேட வேணாம். கோல் எடு. ஸ்பீக்கர்ல போடு, நான் கதைக்கிறன்.

— அவர் இப்ப கட்டாருல, அண்ணன்.

— இந்த ரெண்டு பேச்சுக்குள்ள கொழும்புக்காரன் கட்டாருக்குப் போயிட்டானா?

— கோவிக்காதீங்க.

— கோவிக்காம? இருபது வருஷமா இந்தக் கடைக்கு வாறன். ஆணியும் குழாயும் விக்கிற கடையில பழைய காசு என்ன இருக்கப் போகுது எண்டு எல்லாரும் சிரிக்கக்குள்ள, உன்ட வாப்பா முகைதீன்பாவாட மேசை லாச்சியில கிடந்த காசுகள நம்பி வந்த ஆள் நான். அந்த மனிசன்ட மகன் எனக்குக் கள்ளக் காசு விக்கிறதா?

— கள்ளக் காசில்ல!

— நம்பர் பொய்.

— நம்பர் பொய்யெண்டா காசும் பொய்யா?

— அப்ப உடைச்சிப் பார்ப்பம். அந்தக் குறட்ட எடு.

— வேணாம், அண்ணன். உடைச்சா ஆரும் திரும்பிப் பார்க்கமாட்டான். விக்கவும் ஏலா.

— பொய்ப் பெட்டிக்கு என்னடா மதிப்பு? எடு எண்டன்.

— கொஞ்சம் பொறுங்க, நீங்க பிடிச்சா குறடு காசில பட்டிரும். இஞ்ச தாங்க. ஓரத்துலதான் நெரிக்கணும். விரலப் பார்த்துக்கங்க.

— இன்னும் நெரி. இன்னும். ம், வெடிச்சிட்டு.

— இந்தாங்க.

— முகத்தத் தொடாத, விளிம்பப் பிடி. என்ட சின்னத் தராசு பைக்குள்ள கிடக்கு. இதுல வை. ஒம்பது கிராம். கொஞ்சம் மேல.

— புத்தகத்துல என்ன நிறை போட்டிரிக்கி?

— இதுதான். நிறையக் கள்ளனும் சரிக்கட்டுவான். கதைக்காம இரு, பூதக்கண்ணாடியால பார்க்கன்.

— பாருங்க. நல்லாப் பாருங்க.

— ராசாட தலைமயிர் இழை இழையாத் தெரியுது. மாலையில இலை ஒவ்வொண்டும் தனித்தனி. ஆனையிட வால் நுனிகூட மழுங்கல்ல. வார்த்த காசெண்டா பள்ளத்துல குமிழ் கிடக்கும். ஒண்டையும் காணல்ல.

— விளிம்பு?

— விளிம்புல அரம் பட்ட அடையாளம் இல்ல. பொறு, விரல் நுனியில வெச்சிச் சுண்டுறன். கேட்டியா?

— கேட்ட.

— வெள்ளிட சத்தம். அப்படியே இழுத்துக்கிட்டுப் போகுது. மனே, இது மெய்க் காசு.

— ஓம்.

— என்ன ஓம்? நான் சொன்ன புறகு ஓமா, முந்தியே ஓமா?

— முந்தியே.

— மெய்க் காசப் பிடிச்சிப் பொய்ப் பெட்டிக்குள்ள போட்டவன் ஆரெண்டும் உனக்குத் தெரியும்.

— நான்தான்.

— இன்னொருக்காச் சொல்லு.

— நான்தான் போட்ட. வெறும் பெட்டி ஒன்லைன்ல வருது. லேபல நானே அடிச்ச. நம்பர அந்தக் கம்பனி போட்டிருந்த இன்னொரு காசிட படத்துலருந்து எடுத்த. ஹறாமான வேலதான், அண்ணன். அத இனி ஆருட தலையிலயும் கட்டமாட்டன். ஒங்களுட்ட அந்தப் பெட்டியத் தந்த நாளையிலருந்து எனக்குத் தொழுகையில மனசு நிக்கல்ல.

— நல்ல காச வெச்சிக்கிட்டு ஏன்டா?

— நல்ல காசு எண்டு ஆரு நம்பின? ஓட்டமாவடியில நபீஸா மாமிட பெட்டகத்துலருந்து என்ட கையால எடுத்து, சல்லி குடுத்து வாங்கின காசு இது. மூணு வருஷம் இந்தக் கண்ணாடிக்குக் கீழ கிடந்த. வாறவன் போறவன் எல்லாம் தூக்கிப் பார்ப்பான். "கிரேட் பண்ணினதா, பெட்டி இருக்கா?" எண்டு கேட்பான். இல்லையெண்டா வெச்சிட்டுப் போவான். மறுகா ஒருத்தர், கண்டியிலருந்து வந்தவரு, இத வெச்சிட்டு அதே மாதிரிப் பெட்டியில இருந்த இன்னொரு காச இன்னொருத்தனுக்கிட்ட வாங்கினாரு. அது தகரம். வல்லாஹி, தகரம். பெட்டி இருந்த, வாங்கினாரு.

— அப்ப அமெரிக்காவுக்கு அனுப்பியிருக்கலாமே?

— விசாரிச்ச நான். ஏஜெண்டுக்கு ஒரு கூலி, கம்பனிக்கு ஒரு கூலி, போக வரச் செலவு, இன்சூரன்ஸ், கஸ்டம்ஸ். எட்டு மாசம் செல்லுமாம். எல்லாம் முடிய, "துடைச்ச காசு, தரம் போட ஏலா" எண்டு ஒரு வரி எழுதிட்டானெண்டா போன சல்லியும் போச்சி, காசும் போச்சி.

— செலவுக்குப் பயந்து கள்ள லேபல் அடிச்சிருக்க.

— செலவு மட்டுமில்ல. ஒங்களுக்கு விளங்கல்ல, அண்ணன்.

— எனக்கு நல்லா விளங்குது. பெட்டியப் பார்த்துக் காசு வாங்கிற ஆள் நானில்ல. கண் இருக்கு, கை இருக்கு. இப்ப உடைச்ச கையோட சொல்லல்லையா?

— சென்னீங்க. ஆனா பெட்டியோட தரக்குள்ள பூதக்கண்ணாடிய வெளிய எடுக்கவே இல்லையே?

— கம்பனி பார்த்ததுக்கு மேல நான் என்னத்தப் பார்க்க?

— அதத்தான் நானும் செல்றன்.

— கதைய மாத்தாத. இவ்வளவு காலம் பழகின ஆள், என்னட்ட ஒருக்கா வெறுங்காசாக் காட்டியிருக்கலாம். அந்த இடத்துலயே வாங்கியிருப்பன். நேத்து அத்தன சனத்துக்கு முன்னால கள்ளன் மாதிரித் தலையக் குனிஞ்சிக்கிட்டு நிண்டிருக்கமாட்டன். இனி அந்தச் சங்கத்துக்கு நான் எந்த முகத்தோட போறது? சொல்லு, ஏன் எனக்குக் காட்டல்ல?

— விடுங்க, அண்ணன். டீ எடுப்பிக்கிறன்.

— டீ வேணாம். ஏன் காட்டல்ல?

— காட்டின நான்.

— எப்ப?

— வாங்கின கிழமையே. முதல் ஆளா ஒங்களுக்குத்தான். அண்டைக்கு ஒங்களோட சங்கத்து ஆக்கள் நாலு பேர் வந்திருந்த. நீங்க பூதக்கண்ணாடி எடுக்கல்ல, தராசு எடுக்கல்ல. ரெண்டு விரலால தூக்கிப் பார்த்த. "வார்ப்புக் காசு தம்பி, நல்லா ஏமாந்திருக்க" எண்டு சிரிச்சிட்டு வெச்ச. அடுத்த நாளே மட்டக்களப்பு முழுக்க அந்தக் கதைதான்.

— நானா?

— ஒங்கட அந்த ஒரு சொல்லுக்குப் புறகுதான், அண்ணன், இந்தக் காசுக்குப் பெட்டி தேவைப்பட்ட.