இரண்டு கண்ணாடி

— அந்தப் பேர்ல எனக்கு யாரையும் தெரியாதும்மா. நீங்க வேற எங்கயோ போட்டுட்டீங்க.

— இல்ல சார், நம்பர் சரிதான். ரெண்டு தடவ பாத்துட்டுத்தான் அடிச்சேன். மூக்குக் கண்ணாடிக் கடைதானே?

— ஆமா. கண்ணாடி வேணும்னா நேர்ல வாங்க. போன்ல கண்ணு பாக்க முடியாது.

— கண்ணாடி வேணாம் சார். ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கு வேலைக்கு ஒருத்தர் விண்ணப்பம் போட்டிருக்காரு. எடுக்கறதுக்கு முன்னாடி ஆளப் பத்தி விசாரிக்கற ஆபீஸ்லேருந்து பேசறேன். தன்னைத் தெரிஞ்சவர்னு உங்க நம்பரத்தான் குடுத்திருக்காரு.

— என் நம்பரையா? எவன் அவன்?

— வயசு இருபத்தாறு. அம்மா தையல் வேலை பாக்கறாங்க...

— அட, நெட்டை! அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? பேரச் சொன்னா எனக்கு எப்படித் தெரியும்?

— நெட்டையா?

— ஆறடிக்கு மேல ரெண்டு விரல். கடைக்குள்ள வந்தான்னா ஃபேன்ல தல இடிச்சுடுமோன்னு எனக்குத்தான் பயம். அது சரி... என் நம்பர ஏன்மா குடுத்தான்? வேற ஆளே கிடைக்கலியா அவனுக்கு?

— வரிசையாப் போயிடறேனே சார். நடுவுல ஒரு கேள்விய விட்டுட்டா எனக்கு நாள் பூரா மண்டையில ஓடிக்கிட்டே இருக்கும். மொதல் கேள்வி... அவர உங்களுக்கு எப்படிப் பழக்கம்?

— எப்படிச் சொல்றது... கஸ்டமர்.

— "வாடிக்கையாளர்"னு எழுதிக்கட்டுமா?

— ம்... அவங்கம்மாவுக்கு என்கிட்டதான் கண்ணாடி.

— எத்தனை வருஷமா?

— ஏழு இருக்கும். இருங்க, கடையில ஆள் வந்திருக்கு. நாளைக்குக் கூப்பிடுங்களேன்.

— நாளைக்கு முடியாது சார். இன்னிக்கு அஞ்சு மணிக்கு இந்த ஃபைல மூடிடுவாங்க. அவர் மேல ஒரு கேஸ் இருக்கு. உங்களுக்குத் தெரியுமா?

— ...

— சார்? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன், இருக்கேன். தெரியும்மா. அந்தக் கேஸக் குடுத்தவனே நான்தான்.

— ...

— என்னம்மா, இப்போ உங்களக் காணோம்?

— எழுதிக்கிட்டிருக்கேன் சார். "புகார் கொடுத்தவர்." சரி.

— நீங்க பாட்டுக்கு சரிங்கறீங்க. புகார் குடுத்தவன் நம்பரையே குடுத்திருக்கானே, இது தைரியமா, கிறுக்கா?

— அன்னிக்கு என்ன நடந்துச்சு சார்? உங்க வாயால சொல்லுங்க.

— அவங்கம்மா கண்ணாடி லென்ஸ் மாத்தறதுக்கு என்கிட்ட வந்துச்சு. நாளைக்கு வா, நாளைக்கு வான்னு ஒம்போது நாள் இழுத்தடிச்சேன்.

— ஒம்போது நாளா!

— லென்ஸ் வர்றதுக்கு அஞ்சு நாள். வந்த லென்ஸ எங்க வெச்சேன்னு தேடறதுக்கு நாலு நாள். அந்தம்மா ஊசியில நூல் கோக்க முடியாம வீட்டுல உக்காந்திருக்கு. பத்தாவது நாள் மதியம் இவன் வர்றான், நான் கதவச் சாத்திட்டு சாப்பிடறேன். கண்ணாடிக் கதவாச்சே, நான் சாப்பிடறது அவனுக்கு நல்லாத் தெரியுது. தட்டினான். சோத்துக் கையாலயே "போ, அப்புறம் வா"ன்னு காட்டினேன்.

— அப்புறம்?

— ஓங்கி ஒரு உதை. ரெட்டைக் கதவு. ரெண்டு கண்ணாடியும் பொலபொலன்னு கொட்டிருச்சு.

— ஓடிட்டாரா?

— அதாம்மா ஆச்சரியம், ஓடல! மூஞ்சி வெளுத்துப் போய் அப்படியே நின்னான். அப்புறம், "சார், துடைப்பம் எங்க இருக்கு?"ன்னான். நான் போலீஸுக்குப் போன் அடிக்கறேன், அவன் பெருக்கிக்கிட்டிருக்கான். மிதியடிய உதறி, அதுல குத்தி நின்ன சில்லெல்லாம் ஒண்ணொண்ணாப் பொறுக்கறான். "குழந்தைங்க வர்ற கடை சார்"ங்கறான். போலீஸ் வந்து "எங்கடா அவன்?"னு கேட்டா, துடைப்பத்தோட கையத் தூக்கறான்.

— ஐயோ... சிரிக்கக் கூடாது. மன்னிச்சுக்கங்க சார். இத எந்தக் கட்டத்துல எழுதறதுன்னே தெரியல.

— சிரிங்க, நானும்தான் இப்போ சிரிக்கறேன். அபராதம் கட்டிட்டு வந்த மறுவாரமே ஆளக் கூட்டிட்டு வந்து ரெண்டு கண்ணாடியும் மாட்டிக் குடுத்தான். யாரும் மோதிக்கக் கூடாதுன்னு கண் மட்டத்துக்கு சிவப்பு டேப் வேற ஒட்டினான். யார் கண் மட்டம்? அவன் கண் மட்டம்! எனக்குத் தலைக்கு மேல இருக்கு.

— அடுத்த கேள்வி சார். "பொறுப்பானவரா?" ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடணும்.

— அஞ்சுக்கு மேல இல்லியா?

— இல்ல சார்.

— ஆபீஸ்காரங்க கஞ்சம்மா. அஞ்சே போடுங்க. ஒரு நாள் அம்மா கண்ணாடிக்குக் காத்திருந்தான். என் டிராயரப் பாத்துட்டு, "அடுக்கட்டுமா சார்?"ன்னான். லென்ஸ் எல்லாத்தையும் பவர் வாரியாப் பிரிச்சு, சீட்டு எழுதி ஒட்டிட்டுப் போனான். அன்னிலேருந்து நான் யாரையும் நாளைக்கு வான்னு சொன்னதில்ல.

— மாலை வகுப்புல கிடங்கு வேலை படிச்சிருக்கறதா எழுதியிருக்காரு.

— பகல்ல லாரியில மூட்டை ஏத்திட்டு, வேர்வை காயாம வகுப்புக்குப் போவான். இப்பல்லாம் நான் மதியம் சாப்பிட வீட்டுக்குப் போறேன்னா, அவன் இருந்தா அவனத்தான் உக்கார வெச்சுட்டுப் போவேன். கல்லாவக் கூடப் பூட்டறதில்ல.

— சார், இப்போ ஒண்ணு படிக்கறேன். போலீஸ் ரெக்கார்டு. "கதவை உடைத்து, இரண்டு கண்ணாடிகளைத் திருடியது." உடைச்சது மட்டும்னா, சின்ன வயசு, கோவம்னு விட்டுடுவாங்க. திருட்டுன்னு இருந்தா மருந்துக் கிடங்குச் சாவிய அவர் கையில குடுக்க மாட்டாங்க சார்.

— அவன் ஒரு துரும்பக்கூட எடுக்கலம்மா.

— அப்போ திருட்டுன்னு எப்படி வந்துச்சு?

— ஸ்டேஷன்ல எழுதறவரு, "என்ன போச்சு?"ன்னாரு. "கண்ணாடி போச்சு"ன்னேன். "எத்தனை?" "ரெண்டு." "என்ன கடை வெச்சிருக்கீங்க?" "கண்ணாடிக் கடை." முடிஞ்சுது. கதவுக் கண்ணாடி மூக்குக் கண்ணாடியாயிருச்சு.

— கோர்ட்டுல அவர் மறுத்திருக்கலாமே?

— "கண்ணாடி விஷயத்த ஒத்துக்கறியா?"ன்னு கேட்டிருக்காங்க. இவன் கதவ நெனச்சுக்கிட்டு, "ஒத்துக்கறேன் ஐயா"ன்னு தலையாட்டியிருக்கான். மொதல் வேலைக்குப் போன எடத்துலதான் நீ திருடன்னு சொல்லியிருக்காங்க.

— அதுலேருந்து பதினாலு இடம் சார். "உங்கள் மீது வழக்கு உண்டா?"ன்னு கேட்டா, பதினாலு ஃபாரத்துலயும் "உண்டு"ன்னுதான் போட்டிருக்காரு.

— "இல்ல"ன்னு போட்டுட்டுப் போடான்னு நானே சொல்லியிருக்கேன். "நடந்தது நடந்ததுதானே சார்"ங்கறான். திட்டவும் முடியல, பாராட்டவும் முடியல... ஒரு நிமிஷம். பதினாலுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— ...அவரே எழுதியிருக்காரு சார். கதவு, ரெண்டு கண்ணாடி, நீங்கதான் புகார் குடுத்தவர்ங்கறது, எல்லாமே எழுதியிருக்காரு. எனக்கு முன்னாடியே தெரியும்.

— கெட்டிக்காரிம்மா நீ! அப்போ இவ்வளவு நேரம் என்னைய ஏன் பேச விட்டே?

— நான் சொல்லி நீங்க "ஆமா"ன்னா அது என் பேச்சாயிடும். நீங்களாச் சொல்லணும் சார். அதுக்குத்தான்.

— வேற என்ன எழுதியிருக்கான்?

— "விளக்கம் இருந்தால் எழுதவும்"னு ஒரு சின்னக் கட்டம். அதுல பாதி உங்களப் பத்தித்தான். படிக்கட்டுமா?

— ...படிங்க.

— "நான் உடைத்தது கதவுக் கண்ணாடி. எதையும் எடுக்கவில்லை. எழுதியவர் தவறாகப் புரிந்துகொண்டுவிட்டார். கடைக்காரர் மேல் குற்றமில்லை. அவசரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவரைக் கேட்டால் உள்ளதைச் சொல்வார்."

— அப்படியா... அப்படியா எழுதியிருக்கான்?

— தன்னக் காப்பாத்திக்கக் குடுத்த எடத்துல உங்களக் காப்பாத்தியிருக்காரு. தினமும் இருபது முப்பது ஃபாரம் பாக்கறேன் சார். எல்லாரும் அடுத்தவங்க மேல பழியப் போடற கட்டம் அது. நானா இருந்தா என்ன எழுதியிருப்பேன்னு... சொல்லத் தெரியல. இப்போ நீங்க மனசு வெச்சா முடிஞ்சுடும் சார். ஒரு வெள்ளைத்தாள்ல நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்புங்க. கதவுதான் உடைஞ்சுது, எதுவும் திருடு போகல, அன்னிக்குப் படிக்காமக் கையெழுத்துப் போட்டுட்டேன்னு. புகார் குடுத்தவரே எழுதிக் குடுத்தா எங்க மேலதிகாரி ஏத்துக்குவாரு. கேட்டு வெச்சிருக்கேன்.

— எழுதறேன். அந்தக் கடைசி வரி மட்டும் வேணாம்மா.

— அது வேணும் சார். இல்லேன்னா, "அன்னிக்கே ஏன் சொல்லல?"ன்னு கேப்பாங்க. படிக்காமக் கையெழுத்துப் போடறது எல்லாரும் பண்றதுதான். உங்கள யாரும் தப்பா நெனக்க மாட்டாங்க.

— அவனும் இதேதான் சொன்னான். ஆறு வருஷம் முன்னாடி, திருட்டுன்னு தெரிஞ்ச அன்னிக்கு, நேரா என்கிட்டதான் வந்து நின்னான். "படிக்காமப் போட்டுட்டேன்டா"ன்னேன். "பரவால்ல சார், எல்லாரும் அப்படித்தான்"னு எனக்கே ஆறுதல் சொல்லிட்டுப் போனான்.

— அப்போ அதையே எழுதுங்களேன் சார். மணி நாலே கால் ஆச்சு. வேற மாதிரி எழுதினா உங்களுக்குத்தான் சிக்கல்.

— இருக்கட்டும்மா. நீங்க பேனாவ எடுங்க, அப்படியே எழுதிக்கங்க. அந்த ஸ்டேஷன்காரர் நிதானமான மனுஷன். எழுதினத முழுசா வாய்விட்டுப் படிச்சுக் காட்டினாரு. "திருடியது"ங்கற எடத்துல நிறுத்தி, என் மூஞ்சியப் பாத்து, "சரியா இருக்கா?"ன்னு கேட்டாரு. எனக்கு இருந்த கோவத்துல, "சரியா இருக்கு, எழுதுங்க"ன்னு சொன்னேன்.