வெட்டி எடுத்த மூச்சுகள்

படத்தில் ஒருவன் தனியாக நடந்து போனால் போதும், காவல் ஆய்வாளர் ஐயா, உடனே புல்லாங்குழலைக் கூப்பிட்டுவிடுவார்கள். மற்ற வாத்தியங்கள் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும். குழல்காரத் தம்பி கண்ணாடி அறைக்குள் தனியாக நின்று வாசிப்பார். வெளியே நான் தனியாக உட்கார்ந்து பதிவு செய்வேன்.

குழல் வாசிப்பவர் நடுநடுவே மூச்சு இழுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் திரையில் நாயகன் கண் கலங்கும்போது அந்தச் சத்தம் கேட்கக் கூடாது. அதை வெட்டி எடுப்பது என் வேலை. எடுத்ததை மற்றவர்கள் அழித்துவிடுவார்கள். எனக்கு மனசு வரவில்லை. தம்பியின் மூச்சுகளை ஒட்டிச் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி பிரிந்து போன பிறகு அங்கே பேச்சுத் துணைக்கும் ஆளில்லை. அதை ஓடவிட்டால் பக்கத்தில் யாரோ அயர்ந்து தூங்குவது போலிருக்கும். நானும் தூங்கிவிடுவேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

போன மழைக்காலத்தில் அந்த மூச்சில் புதிதாக ஒரு சத்தம் வந்தது, அடியில் தண்ணீர் கொதிப்பது போல. அதை முதலில் கேட்டவன் நான்தான். பிறகு தம்பியே ஒருநாள் வந்து நின்றார்.

"அண்ணே, மாடி ஏறினா மூச்சு வாங்குது. டாக்டர்கிட்ட போங்கன்னு வீட்ல ஒரே நச்சரிப்பு. உங்க காதுக்கு ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணும் இல்ல தம்பி, நல்லாத்தான் இருக்கு."

"அப்ப சரி. டாக்டர் மாட்டுற குழாயெல்லாம் உங்க காதுகிட்ட நிக்குமா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

டாக்டரிடம் போனால் வாசிக்கக் கூடாது என்பார். வேறொருவரை வரவழைப்பார்கள். அந்நியர் மூச்சில் எனக்குத் தூக்கம் பிடிக்காது, ஐயா. அதனால் சத்தம் கூடக்கூட இன்னும் சுத்தமாக வெட்டினேன். இசையமைப்பாளருக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை.

நீங்கள் விசாரிக்கிற அந்த நாளில், வாசிப்பின் நடுவில் தம்பி குழலை இறக்கினார். நெஞ்சைப் பிடித்தபடி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். அப்படியே முழங்காலில் சரிந்தார். கதவு எனக்குக் கை எட்டும் தூரம். நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான்: நான் திறக்கவில்லை. திறந்தால் வெளிச் சத்தம் புகுந்து பதிவு கெட்டுவிடும். ஒலிவாங்கியின் அளவை மட்டும் கொஞ்சம் ஏற்றினேன்.

அந்தப் பதிவில் நான் எதையும் வெட்டவில்லை. தம்பியின் மனைவி அழுதால் இதைச் சொல்லுங்கள்: அவர் தனியாகப் போகவில்லை, கடைசி மூச்சு வரை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.