நாற்காலி போட்ட இடம்

என் பெயர் டோரீன் ஹாஸ்டெட்லர், வயது 74, கணவர் பெயர் மெர்ல். முகவரி என்று கேட்டால், வீட்டை விற்று ஒன்பது வருடம் ஆகிறது. தபால் சவுத் டகோட்டாவில் ஒரு பெட்டிக்கு வரும். நாங்கள் குடியிருப்பது வண்டியில். கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள முப்பதடி வண்டி. குளிர்காலம் தொடங்கி ஏப்ரல் வரை அரிசோனாவில், குவார்ட்ஸைட் ஊரைச் சுற்றியுள்ள அரசு நிலத்தில் தங்குவோம்.

மெர்லுக்கு 79 வயது. மறதி நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. வண்டி ஓட்டுவது, அவருக்கு மாத்திரை கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. "நீ தெளிவா இருக்கிற வரைக்கும்தாம்மா அப்பா உன்கூட. ஏதாவது ஆச்சுன்னா ஹோம்ல சேர்த்துடுவேன்" என்று மகள் டெனிஸ் சொல்லியிருக்கிறாள். நான் தெளிவாகத்தான் இருக்கிறேன்.

இன்று ஏப்ரல் 14, காலை ஒன்பதரை மணிக்குக் கழிவுத் தொட்டியைக் காலி செய்து தண்ணீர் பிடிக்க ஊருக்குக் கிளம்பினேன். வண்டியை எடுத்தால் இடத்தை வேறு யாராவது பிடித்துக்கொள்வார்கள் என்பதால், நாற்காலிகளைப் போட்டுவிட்டுப் போவது எங்களைப் போன்றவர்களின் வழக்கம். இடுப்பு வலியோடு குலுங்கிக்கொண்டு வர முடியாது என்று மெர்ல் சொன்னதால், அவரையும் மரத்தடியில் நாற்காலியில் உட்கார வைத்தேன். "நான் வர்ற வரைக்கும் எழுந்திரிக்காத" என்றேன். "ஆமா, எழுந்து ஆடப் போறேன்" என்றார். ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு அது போதும் என்று நினைத்தேன்.

அதன் பிறகு ஊரில் வேலை முடிய பதினொன்றரை ஆனது. அதன் பிறகு தெற்கே பன்னிரண்டு மைல் ஓட்டி எங்கள் இடத்துக்கு வந்தேன். நாங்கள் அடுக்கிய அடுப்புக் கற்கள் அப்படியே இருந்தன. நாற்காலிகள் இல்லை. மெர்லும் இல்லை. ஒரு பச்சை ட்ரெய்லர் நின்றது. அதன் சொந்தக்காரரிடம், "எங்க இடத்துல எப்படி வண்டிய போட்டீங்க? இங்க உக்காந்திருந்தவர் எங்க?" என்று கேட்டேன். "நான் முந்தாநாள் சாயங்காலத்துலருந்து இங்கதாம்மா இருக்கேன். யாரும் உக்காரலையே" என்றார். பொய் என்று நினைத்து, அவருடைய ட்ரெய்லருக்குள் ஏறிக் கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தேன். அவர் தடுக்கவில்லை, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. அதன் பிறகு மெர்லைக் கூப்பிட்டபடி புதர்களுக்குள் நடந்தேன். வெயில் நூறு டிகிரியைத் தாண்டியிருந்தது. போலீசுக்குச் சொன்னது அந்த ஆள்தான்.

ஒன்றே முக்காலுக்கு வந்த துணை ஷெரிப் பென்கோமோ, எத்தனை நாளாக இங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார். பதினொரு நாள் என்றேன். காலையில் எந்தப் பக்கத்திலிருந்து ஊருக்குள் வந்தீர்கள் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு, ஓடிய மைல்களை நான் தினமும் எழுதும் நோட்டை வாங்கிப் பார்த்தார். "அம்மா, இது உங்க கையெழுத்துதானே?" என்றார். என்னுடையதுதான். ஏப்ரல் 12: பதினாலு நாள் கெடு முடிந்தது, ஊருக்கு வடக்கே பதினைந்து மைலில் புது இடம் என்று இருந்தது. அரசு நிலத்தில் ஒரே இடத்தில் அதற்கு மேல் தங்கக் கூடாது. விதி எனக்குத் தெரியும். இடம் மாறியதுதான் நினைவில்லை. யாரோ என் பேனாவை எடுத்து எழுதியது போல இருந்தது.

அதன் பிறகு அவருடைய காரில் வடக்கே போனோம். மெர்ல் நாற்காலியில் இருந்தார். உதடுகள் வெடித்திருந்தன. மரத்தைச் சுற்றி மண்ணில் கோடுகள் தெரிந்தன. நிழல் நகர நகர அவரும் நகர்ந்திருக்கிறார், என் நாற்காலியையும் கூடவே இழுத்திருக்கிறார். என்னைப் பார்த்து, "ஊர்ல கூட்டமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அதன் பிறகு மருத்துவமனையில் அவருக்கு ட்ரிப் ஏற்றினார்கள். பென்கோமோ அவரிடம் தனியாகப் பேசிவிட்டு வந்து, மறைப்பது சரியில்லை என்று சொல்லி, மெர்ல் கூறியதை என்னிடம் சொன்னார்: "அவ பழைய இடத்துக்குத்தான் போயிருப்பா. போன மாசமும் அப்படித்தான் போனா. அவகிட்ட சொல்லிடாதீங்க, பயந்துடுவா."

போன மாதம் அப்படி எதுவும் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

இந்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கடைசி வரியில் முதலில் 'நடக்கவில்லை' என்று சொல்லியிருந்தேன். அதை அடித்து 'நினைவில்லை' என்று எழுதச் சொன்னது நான்தான். மற்றதெல்லாம் எனக்குத் தெரிந்தவரை உண்மை.

(ஒப்பம்) டோரீன் ஹாஸ்டெட்லர்