அவளுக்காக யாரும் ‘உள்ளேன்’ சொல்லாதீர்கள்

அவையின் நடுவே அமைதியே உருவாக வீற்றிருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஐயா குணசேகரன் அவர்களே! அறிவுக்கண் திறக்கும் தலைமையாசிரியை சுலோசனா அம்மையார் அவர்களே! ஆன்றோரே! சான்றோரே! அரைநாள் விடுப்புப் போட்டு வந்திருக்கும் அப்பாக்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் காலாட்டிக்கொண்டிருக்கும் ஐந்தாம் வகுப்புச் செல்வங்களே! உங்கள் அனைவரையும் அச்சத்தோடு வணங்குகிறேன்.

‘அன்போடு’ என்றல்லவா சொல்ல வேண்டும் என்று தலைவர் திரும்பிப் பார்க்கிறார். இல்லை ஐயா, தெரிந்துதான் சொன்னேன். ஆவடித் தொழிற்சாலை வாயிலில், சங்கக் கூட்டங்களில், வெயிலென்றும் மழையென்றும் பாராமல் முழங்கிய தொண்டை இந்தப் பூபாலனின் தொண்டை. எந்த மேலதிகாரிக்கும் அஞ்சாத நான் இந்த மேடையில் அஞ்சுகிறேன். ஏன்?

என் மகளுக்குக் கனிமொழி என்று பெயர் வைத்தோம். கனிவு வந்தது, மொழி வரவில்லை. ஆட்டிசம் என்றார் மருத்துவர். பள்ளி பள்ளியாகப் படியேறினோம், படியிறங்கினோம். அண்ணனூரில் இந்தப் பள்ளிதான் வாசலைத் திறந்தது. காலையில் ஜெபா டீச்சர் வருகைக்குப் பெயர் கூப்பிடுவார். “கனிமொழி?” என்பார். அவள் வாய் திறக்காது. உடனே வகுப்பே சேர்ந்து கூவும்: “உள்ளேன் டீச்சர்!” யார் சொல்லிக்கொடுத்தது? யாருமில்லை. அன்பு, ஐயா, அன்பு! அதைக் கேட்டு நானும் என் மனைவி ரேணுகாவும் வாசலில் நின்று கண்கலங்கியிருக்கிறோம்.

அந்த அன்புதான் சென்ற ஐப்பசியில் அவளைக் கொல்லப் பார்த்தது.

வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மைதானம் குளமானது. மதியமே பள்ளியை விட்டார்கள். இடி என்றால் என் மகளுக்கு ஆகாது, காதைப் பொத்திக்கொண்டு எங்காவது நுழைந்துவிடுவாள். கொட்டும் மழையில் வேனருகே நின்று டீச்சர் பெயர் கூப்பிட்டார். “கனிமொழி?” “உள்ளேன் டீச்சர்!” வேன் புறப்பட்டது. பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. பழக்கம் சொன்னது!

குடியிருப்பு வாசலில் வேன் நின்றது. எல்லாப் பிள்ளைகளும் இறங்கினார்கள், என் பிள்ளை இறங்கவில்லை. ஓட்டுநர் பாபுவின் முகம் வெளுத்துவிட்டது. “அண்ணாத்தே, பாப்பா உள்ளதான் கீதுன்னு பசங்க அத்தினி பேரும் கத்துச்சுங்களே!” என்றார்.

இந்தப் பள்ளிக்கு ஓடி வந்தோம். முழங்கால் தண்ணீரில் வகுப்பு வகுப்பாக ஓடினோம். கனிமொழி! கனிமொழி! கூப்பிட்டால் குரல் கொடுக்காத பிள்ளையை எந்தக் குரலால் தேடுவீர்கள், தாய்மார்களே? தண்டவாளப் பக்கம் மின்சார ரயில் ஒன்று நீளமாக ஊதியது. இன்னும் பலமாகக் கத்தினேன். அப்போது ரேணுகா என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “வாய மூடுங்க! எல்லாரும் வாய மூடுங்க! நீங்க இப்படிக் கத்துனா, அவ சொல்றது எப்படிங்க கேக்கும்?”

மூடினோம். மழை மட்டும் பேசியது. பிறகு… தட். தட்.

எங்கே தெரியுமா? இதோ, நான் நிற்கிறேனே, இந்த மேடைக்குக் கீழே! நாற்காலி அடுக்கும் பொந்துக்குள், மார்பளவு நீரில் குந்தியபடி பலகையைத் தட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் அழைத்தபோதெல்லாம் அவள் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எங்கள் கூச்சல்தான் கேட்கவிடவில்லை.

என்ன அண்ணே, பின்வரிசையில்? உரக்கச் சொல்லுங்கள்! “அதுக்குன்னு தனி இஸ்கூலு கீதே நைனா, அங்க சேத்துட வேண்டியதுதானே?” என்கிறார். உட்காருங்கள் அண்ணாத்தே, கோபமில்லை. நீங்கள் பயந்து கேட்கிறீர்கள், நான் பயந்து பதில் சொல்கிறேன். இந்தக் கூட்டம் முடிந்ததும் கழகம் முடிவெடுக்கப்போவதும் இதைத்தான். பாதுகாப்பில்லையாம், அனுப்பிவிடலாமாம்! அனுப்புங்கள். நாளை பேருந்தில் என்ன செய்வாள்? சந்தையில், மருத்துவமனையில் என்ன செய்வாள்? நானும் ரேணுகாவும் போன பிறகு என்ன செய்வாள்? தட்டுவது சத்தமல்ல, பதில் என்று அறிந்த மனிதர்கள் அவளுக்கு வேண்டாமா? அவர்கள் எங்கே வளர்வார்கள்? இந்த முன்வரிசையில் அல்லவா வளர்வார்கள்!

செல்வங்களே, அவளுக்காகப் பேசாதீர்கள். அவளை அழையுங்கள். அழைத்துவிட்டு, காத்திருங்கள். இதோ, உங்கள் நடுவேதான் உட்கார்ந்திருக்கிறாள், இப்போதே பார்ப்போம். யாரும் உதவக் கூடாது. ஜஸ்டின், வாயைப் பொத்திக்கொள் கண்ணு.

கனிமொழி?

பொறுங்கள் தலைவரே, நேரம் முடிந்ததென்று மணியடித்துவிடாதீர்கள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இத்தனை பேர் முன்னால் அவள் பதில் தராமல் இருந்துவிட்டால் என் வாதமே தோற்றது. இருந்தாலும் காத்திருப்போம்.

கனிமொழி?

கேட்டதா? பின்வரிசை அண்ணாத்தே, உங்களுக்கும் கேட்டதா? நாற்காலிக் கையில் இரண்டு தட்டு!

என் மகள் இங்கே இருக்கிறாள். அவளே சொல்லிவிட்டாள். இனி முடிவு உங்களுடையது, பெரியோர்களே. இவ்வளவு நேரம் வாய்மூடிக் காத்திருந்த உங்கள் அன்புக்கு, அவள் தட்டியும் நான் கைகூப்பியும் சொல்கிறோம்: நன்றி, வணக்கம்!