ஓட்டோ நின்ற வாசல்

ஒட்டுசுட்டானிலிருந்து முல்லைத்தீவு போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீற்றில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

“எங்கட ஒழுங்கையில ஆம்பிளையள் மாரடைப்பிலதானக்கா சாகினம்,” என்று இளையவள் சொன்னதும் கண்டக்டரும் திரும்பிப் பார்த்தார்.

“கசிப்புக் குடிச்சுச் செத்தாலுமோ?” என்றார் மூத்தவர்.

“ஓமக்கா. ஸ்பீக்கர் கட்டின ஓட்டோவில மரண அறிவித்தல் சொல்லேக்க மாரடைப்பு எண்டுதான் அறிவிப்பினம். என்ர மனுசனுக்கும் அப்பிடித்தான் அறிவிக்க நிண்டவை. நான் விடேல்லை. கசிப்பால செத்தவர் எண்டே சொல்ல வைச்சன். கள்ளமாக் கசிப்புக் காய்ச்சி விக்கிறவன்ர வாசல்லயும் ஓட்டோவை நிப்பாட்டிச் சொல்ல வைச்சன்.”

“அவன் சண்டைக்கு வரேல்லையோ?”

“அவன் வெளியில வரேல்லை. அவன்ர மனுசிதான் படலையடிக்கு வந்தவள். ‘அவர் உள்ளுக்கதான் இருக்கிறார், இன்னும் சத்தமாச் சொல்லுங்கோ’ எண்டவள்.”