சாய்ந்த கூடத்தில் கடலை நிறுத்திய ஆணி அக்காவுக்கு

சாய்ந்து நின்ற கலை அருங்காட்சியகத்தையே ஒற்றை ஆணியால் நிமிர்த்திய நிகரிலாத் தலைவியே! காக்கை உட்கார்ந்தால் சறுக்கி விழும் கூரையும், செங்கோணம் என்ற சொல்லையே கேட்டறியாச் சுவர்களும் கொண்ட இந்தக் கண்ணாடி மாளிகையில் இருபத்தாறு ஆண்டுகள் ஓவியம் மாட்டி, இன்று ஓய்வு பெறும் ஆணி அக்கா அவர்களே! வணக்கம், வாழ்த்து, கொஞ்சம் பொறாமையும்!

சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு நடந்ததைக் கேளுங்கள்.

திறப்பு விழாவுக்கு இன்னும் ஒரு மணி நேரம். பெரிய கூடத்தில் இருந்தது ஒரே ஓவியம்: பனையுயரக் கடல். வரைந்தவர் காலமாகிவிட்டார்; இரவல் கொடுத்த அவர் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என் வீட்டுக்காரர் கடலை இப்படியா வரைஞ்சார்? ஒரு பக்கமா கொட்டுதே! இறக்குங்க, வண்டியில ஏத்துங்க."

பொறியாளர் ரசமட்டத்தை நீட்டினார். "குமிழி நட்டநடுவுல நிக்குதும்மா. இதுக்கு மேல நேரா மாட்ட முடியாது."

வேலைக்குச் சேர்ந்து நான்கே நாளான எங்கள் அக்கா வாயைத் திறந்தார். "சார், ரசமட்டமா டிக்கெட் வாங்கிட்டு வந்து படம் பாக்கப்போகுது? தரை சரியுது, கூரை சரியுது. நடுவுல படம் மட்டும் நேரா நின்னா, அதுதான் கோணலாத் தெரியும்."

"கோணலா மாட்டிக் கெடுத்தா, நாளைக்கு வேலைக்கு வராதே!"

அக்கா ஏணியில் ஏறவில்லை, வாசலுக்குப் போனார். அந்த அம்மாளின் அருகே நின்று, ஒற்றைக் கண்ணை இடுக்கி, ஏணி மேல் இருந்தவர்களிடம், "இடது பக்கம் ரெண்டு விரல் இறக்குங்க... இன்னும் அரை விரல்... போதும், கையெடுங்க!" என்றார்.

மூச்சுவிட்டால் படம் ஆடிவிடும் என்பதுபோல் நூறு பேர் மூச்சடக்கி நின்றோம். அந்த அம்மாள் மெல்ல நடந்து போய்ப் படத்தின் எதிரே இருந்த பலகையில் உட்கார்ந்தார். வெகுநேரம் எழவில்லை.

"வண்டியை அனுப்பிடுங்க" என்றார். விழா நடந்தது, இரவல் கடலும் இங்கேயே தங்கிவிட்டது, இன்றுவரை கூட்டம் குறையவில்லை.

நேர்மையை நெஞ்சிலும், கோணத்தைக் கண்ணிலும் வைத்த காரிகையே! நூறாண்டு என்று வாழ்த்துவது கஞ்சத்தனம். மூட்டுவலிக்கு உங்கள் முகவரியே தெரியாதிருக்க, நூற்றிருபது ஆண்டுகள் நலமே வாழ்க!

உங்கள் பெருமையில் பங்கு கேட்கும் பணியாளர்கள் சார்பில்,
சென்ற ஆண்டு ஓய்வு பெற்றும் வாய் ஓயாத டிக்கெட் கவுண்டர்க்காரி

இருபத்தாறு ஆண்டுகளாக 'குருட்டு அதிர்ஷ்டம்' என்று சொல்லிவந்த பொறியாளர், கையெழுத்திடும் முன் தம் கைப்பட எழுதியது:

"நேத்து சாயங்காலம் யாருக்கும் தெரியாம ரசமட்டம் வெச்சு அந்தப் படத்தை நேராக்கிப் பாத்தேன். அஞ்சு நிமிஷம் நிக்க முடியலை, தலை சுத்திடுச்சு. நடந்தது நிஜம்தான் அக்கா."